பதிமூன்று ஞாயிறு

அமரவிளை சூப்பர்மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்கு விமலகுமாரி சேர்ந்து நான்கு வருஷமாகிறது. நாளைக்கு எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும் என்பது முந்தின நாள் மத்தியானம்கூட அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் ஏழரைக்கு மேல் கடையின் வாட்சாப் குரூப்பில் ஒரு காகிதத்தின் படம் வரும். காலை ஏழு முதல் மூன்று வரை நிற்க வேண்டியவர்கள் யார், மத்தியானம் ஒன்று முதல் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டியவர்கள் யார் என்று அதில் இருக்கும். அதையும் நம்ப முடியாது. மழை பிடித்துக் கூட்டம் குறைந்தால், போன ஒரு மணி நேரத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மணிக்கணக்குக் கூலிதானே, நின்ற மணிக்கு மட்டும்தான் பேச்சு. இதையெல்லாம் விமலா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது சிஜியை.

சிஜி வேறு யாருமில்லை, விமலாவின் கணவன் விஜயதாசுடைய தம்பி ஜிஜினின் மனைவி. பாறசாலைக்கும் குளத்தூருக்கும் நடுவில் ஒரே புரையிடத்தில் இரண்டு வீடும் இருந்தன. ஜிஜின் மஸ்கட்டில். விமலாதான் மானேஜரிடம் சொல்லி சிஜியைக் கடையில் சேர்த்துவிட்டாள். சேர்ந்து ஆறு மாசத்தில் காலை ஷிப்ட் பெரும்பாலும் சிஜிக்குப் போயிற்று. அவளிடம் ஸ்கூட்டர் இருந்தது, மழையோ புயலோ ஏழுமணிக்குக் கதவு திறக்கும்போது வந்து நிற்பாள், குளத்தூர் முதல் பஸ் அப்படி வராது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் விமலாவிடம் கேட்டால், காரணம் சிஜியின் சிரிப்பு என்றுதான் சொல்லுவாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு சிஜி வீட்டுக்குப் போய்விடுவாள். போகிற வழியில் மீன் வாங்குவாள், புளிமுளம் கறி வைப்பாள், ஒரு கிண்ணம் விஜயதாசுக்கும் கொடுத்தனுப்புவாள். ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு விமலா செருப்பைக் கழற்றும்போது, கழுவிக் கவிழ்த்த அந்தக் கிண்ணம் அடுப்பு மேடையில் இருக்கும். அதைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

"இண்ணு என்ன மீனு?"

"சாளை. மரச்சீனியும் தந்துவிட்டா. நல்ல எரிவு, கேட்டியா. ஒனக்கும் கொஞ்சம் வெச்சிருக்கேன்."

"எனக்கு வேண்டாம். கடையில தின்னாச்சு."

கடையில் அவள் ஒரு பன்னும் கட்டன் சாயாவும்தான் சாப்பிட்டிருப்பாள்.

கிண்ணத்தோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும். விஜயதாஸ் கொத்தனார். பிப்ரவரியில் பெருங்கடவிளையில் ஒரு மாடி வேலையில் சாரம் சரிந்து விழுந்தார். வலது தோள் நொறுங்கி உள்ளே கம்பி வைத்தார்கள். கம்பி வைத்த கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. நெய்யாற்றின்கரையில் பிசியோதெரபி செய்கிற தன்யா என்ற பெண், வாரத்துக்கு மூன்று நாள் தவறாமல் வந்தால் கிறிஸ்துமசுக்குள் கை மேலே வரும், விட்டால் இப்படியே உறைந்துபோகும் என்று சொல்லிவிட்டாள். உறைந்துபோனால் சாந்துக் கரண்டி பிடிக்க முடியாது. ஒற்றைக் கையால் பஸ்சில் கம்பியைப் பிடித்து நிற்க முடியாமல் ஒருமுறை படிக்கட்டில் விழுந்ததால் தனியாக அனுப்பவும் முடியாது. நாளை ஷிப்ட் எதுவென்று தெரியாதவள் வாரத்துக்கு மூன்று நாளை எங்கே போய்ப் பிடிப்பாள்? முதல் மாசத்தில் விமலா நான்கு தடவை தேதி வாங்கி, நான்கையும் விட்டாள். அப்புறம் சிஜிதான் தன் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோக ஆரம்பித்தாள். திங்கள், புதன், வெள்ளி.

ஊரில் யாரும் ஒரு சொல் தப்பாகச் சொல்லவில்லை. தம்பி பெஞ்சாதி, வீட்டுப் பிள்ளை, சொல்ல என்ன இருக்கிறது? விமலாவும் சொல்லவில்லை. கேட்க மட்டும் செய்வாள்.

"ஸ்கூட்டர்ல எங்க பிடிச்சிட்டு இருந்திய?"

"பின்னால உள்ள கம்பியெ."

"இடது கையாலயா?"

"பின்னெ வலது கையாலயா பிடிப்பேன்? கை வெளங்கினா நான் எதுக்குட்டி அங்க போறேன்?"

வேறொரு சங்கடமும் இருந்தது. விழுந்ததிலிருந்து விஜயதாஸ் பள்ளியில், அதாவது சர்ச்சில், ராப்போஜனம் எடுக்கவில்லை. மாசத்து முதல் ஞாயிறு ஆராதனை முடியுமுன்பே எழுந்து வெளியே வந்து, பள்ளி முற்றத்துக் கொல்லாமரத்தடியில் நிற்பார். அப்பத்தை வலது உள்ளங்கையில் வாங்கி அந்தக் கையாலேயே வாயில் வைக்க வேண்டும், அதுதான் அவருக்கு முறை. சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கு வந்து, இடது கை என்றாலும் தேவன் தந்த கைதானே என்று சொல்லிப் பார்த்தார். "எனக்கு மனசு வரல்ல ஐயரே" என்று சொல்லி இவர் முடித்துக்கொண்டார். அந்தக் கை எழும்பும்போது தான் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விமலாவின் ஆசை. வெளியே சொல்லாத ஆசை.

ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புதன்கிழமை, விமலாவுக்கு அபூர்வமாகக் காலை ஷிப்ட், நல்ல மழை. கடையில் ஈ காக்கை இல்லை. பத்தரை மணிக்கு விமலாவைப் போகச் சொன்னார்கள். வழக்கமாகத் திட்டிக்கொண்டே போகிறவள் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே போனாள். சிஜியிடம் சொல்லாமல், மத்தியானம் தானே அவரை பஸ்சில் ஏற்றி நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனாள். விஜயதாஸ் சுவரில் விரலை மேலே மேலே ஏற்றும் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது தன்யா வெளியே வந்து விமலாவைப் பார்த்தாள்.

"விஜயதாஸின்டெ ஆரா? சேச்சியா?"

"ஆமா" என்றாள் விமலா, மரியாதைக்குத் தன்னை அக்கா என்கிறாள் என்று நினைத்து.

"அதெயோ. பார்யா இண்ணு வந்நில்லே? ஆ ஸ்கூட்டர்காரி?"

"பார்யா நான்தானாக்கும், இவருக்க பெஞ்சாதி" என்றாள் விமலா. தன்யா நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் சேர்த்துக் கேட்கும்படி விமலா பேசினாள்.

"நாலு மாசமாட்டு அவ அப்பிடி நெனச்சிட்டிருக்கா. ஒரு வாக்கு திருத்தினா உங்க நாக்கு தேஞ்சா போவும்?"

"அவ கேட்டாத்தானே திருத்துகதுக்கு? சுவத்துல வெரலு ஏத்தும்போ எனக்கு உயிரு போவுது. அப்பளா நான் இவ எனக்க பெஞ்சாதியில்லன்னு விளம்பரம் செய்யது?"

"சிஜியாவது சொல்லியிருக்கலாம்லா?"

"அவளுக்கு இதொண்ணும் தெரியாது, பாவம்."

அந்தப் பாவம் என்ற சொல்தான் விமலாவுக்குத் தாங்கவில்லை. தன்னை அவர் ஒருநாளும் பாவம் என்று சொன்னதில்லை.

ஓணம் கழிந்ததும் கடைக்குப் புது மானேஜர் வந்தான். கொல்லத்துக்காரன், அஸ்வந்த் என்று பெயர், முப்பது வயசு இருக்கலாம். வந்த ஒரு வாரத்தில் ராத்திரிக் காகிதத்தை நிறுத்தினான். ஆட்களுக்குத் தங்கள் நேரம் முன்கூட்டித் தெரிந்தால்தான் வேலையும் உருப்படும் என்பது அவன் கட்சி. இனி மூன்று மாசத்துக்கான ஷிப்ட் ஒரே சார்ட்டாகச் சுவரில் ஒட்டப்படும், மழைக்காக ஒருவரையும் பாதியில் அனுப்புவதில்லை என்றான். பெண்கள் முதலில் நம்பவில்லை. பில் கவுண்டரில் ஒரே ஒருத்திக்கு மட்டும் மூன்று மாசமும் நிரந்தரமாகக் காலை ஷிப்ட் தர முடியும், மற்றவர்கள் வாரத்துக்கு வாரம் மாறி மாறி நிற்க வேண்டும், அந்த ஒருத்தி யார் என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

இந்தப் பெண்களிடம் போய் நீங்களே முடிவு செய்யுங்கள் என்று ஒருவன் சொல்லலாமா? சீட்டுக் குலுக்கினால் கள்ளத்தனம் என்பார்கள். மூப்பு பார்த்தால் சண்டை வரும். காய்கறிப் பிரிவில் நிற்கும் லீலாபாய்தான் வழி சொன்னாள். அவளுடைய அப்பா பள்ளியில் அறுப்புப் பண்டிகை ஏலத்துக்கு லேலம் விளித்த ஆள்.

"நம்ம லேலம் போடலாம். ஆருக்கும் பரிபவமும் வருத்தமும் இல்ல பாரு."

"பைசாவுக்கா?" என்றாள் பிரேமகுமாரி, இன்னொரு கவுண்டர்காரி.

"பைசா ஆருக்கிட்ட இருக்கு? ஞாயித்துக்கிழமைக்கு. காலை ஷிப்ட் வேணுங்கிறவ, எத்தனை ஞாயித்துக்கிழமை லீவை விட்டுத்தருவான்னு சொல்லட்டு. கூடுதல் விடுதவளுக்குக் காலை."

எல்லாருக்கும் ஞாயிறுதான் வேண்டும், பள்ளிக்குப் போக வேண்டுமே. கடைக்கோ ஞாயிறுதான் திருவிழாக் கூட்டம். அதனால் எல்லாருக்கும் இது நியாயமாகவே பட்டது. மசாலா பொட்டலம் கட்டும், கோயிலுக்குப் போகிற சரசம்மா மட்டும் வாயில் கைவைத்தாள். "எந்தோன்னு லேலம் இது! அம்பலத்திலும் கண்டிட்டில்லா" என்றாள்.

அறுப்புப் பண்டிகை லேலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். ஒரு பூசணிக்காயை இரண்டு குடும்பம் கேட்க ஆரம்பித்தால், நாலாவது கேள்விக்குமேல் பூசணிக்காயை யாரும் பார்ப்பதில்லை, எதிராளியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எடுத்தவன் காயைத் தோளில் வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து நடப்பான். வீட்டுக்குப் போனபிறகுதான் அவனுக்குத் தலை சுற்றும். விமலா இதையெல்லாம் சின்ன வயசிலிருந்து பார்த்துச் சிரித்தவள்தான்.

மத்தியானம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில், குடோனில் அரிசிச் சாக்குகளுக்கு நடுவே எல்லாரும் கூடினார்கள். லீலாபாய் ஒரு தேங்காயால் பெட்டியைத் தட்டினாள்.

"மூணு மாசத்துக்குப் பதிமூணு ஞாயிறு. காலை ஷிப்ட், ஒரு ஞாயிறு. கேளுங்க."

"ரெண்டு" என்றாள் பிரேமகுமாரி.

"மூணு" என்றாள் சிஜி.

"நாலு" என்றாள் விமலா. சிஜி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வேண்டாம் என்று இருந்தது விமலாவுக்கு.

பிரேமகுமாரி கையைக் கழுவிவிட்டாள். சிஜி ஐந்து என்றாள். விமலா ஆறு. சிஜி கொஞ்சம் யோசித்து ஏழு என்றாள். விமலா எட்டு என்றாள். சரசம்மா சாக்கின்மேல் ஏறி நின்று பார்த்தாள்.

"எட்டு ஒரு தரம்" என்றாள் லீலாபாய். "எட்டு ரெண்டு தரம்."

"அக்கா" என்றாள் சிஜி. லேலத்தில் இப்படி யாரும் பேசுவதில்லை. "எனக்குக் கிட்டினாலும் அண்ணனெக் கொண்டுபோறதுக்குத்தானே? அக்கா எதுக்கு பஸ்ஸுல கெடந்து கஷ்டப்படணும்?"

"நானும் அதுக்குத்தானாக்கும் கேக்கது."

"அப்போ நம்ம ரெண்டுபேரும் கேக்கது ஒரே காரியத்துக்குத்தானே அக்கா."

"ஒரே காரியம்தான். அதுகொண்டுதான் விடமாட்டேன்."

சிஜி என்ன நினைத்தாளோ, ஒன்பது என்றாள். விமலா அவள் முகத்தைப் பார்த்தாள். சிவப்பாக, வட்டமாக, மழையில் ஸ்கூட்டர் ஓட்டி வந்தும் கலையாத முகம். தன்யா பார்யா என்று நினைத்த முகம். விமலாவின் வாயிலிருந்து வந்தது அவளுக்கே கடைசியில்தான் கேட்டது.

"பதிமூணும்."

லீலாபாயின் கையில் தேங்காய் அப்படியே நின்றது. "எட்டி, அறுப்புப் பண்டிகையும் அதில வருமே."

"வரட்டு."

"மூணு ராப்போஜன ஞாயிறு வரும், மக்கா. ஆலோசிச்சு சொல்லு."

"சொன்னது சொன்னதுதான். நீங்க தரம் போடுங்க."

சிஜி பிறகு கேட்கவில்லை. "அக்கா எடுத்துக்கட்டு" என்று மட்டும் சொன்னாள். அதுவும் விமலாவுக்குக் குத்தியது, விட்டுக்கொடுத்ததுபோல அல்லவா ஆகிவிட்டது! அஸ்வந்துக்கு சந்தோஷம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடியவன், பச்சை மையால் விமலாவின் பெயரைப் பதிமூன்று கட்டத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினான். அவளுக்கு வார லீவு செவ்வாய் என்றானது.

ராத்திரி விஜயதாஸ் இதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பதிமூணுமா?" என்றார். "கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கக் கூடாதா?"

"உங்க கைக்கு வேண்டித்தானே."

"கைக்கு வேண்டி எட்டு போதாதா?"

எட்டு வரைக்கும் கைக்கு, மீதி ஐந்து சிஜிக்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும், சார்ட் சுவருக்கு வந்தபிறகு விமலாவின் வாழ்க்கைக்கு ஒரு ஒழுங்கு வந்தது. மூன்று மணிக்கு இறங்கினால் மூன்று நாற்பதுக்கு வீடு. அவருக்குச் சட்டை மாட்டிவிட்டு, நாலேகால் பஸ்சில் ஜன்னலோரம் உட்காரவைத்துத் தான் அவர் கையை இடிக்காதபடி மறித்து நிற்பாள். துலாமாச மழை சரியாக அந்த நேரத்துக்கு இடியோடு இறங்கும். தன்யா இப்போது அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி தந்தாள். விஜயதாசின் விரல் சுவரில் ஒவ்வொரு கோடாக ஏறியது. அவர் முனகும்போது இவள் பல்லைக் கடிப்பாள். வீட்டுக்கு வந்து உப்பு வெந்நீரில் துணி நனைத்துத் தோளில் போடுவாள். புளிமுளமும் வைத்தாள். சிஜி பிந்தி வருகிற நாட்களில் அவள் மகள் ஷாலு இங்கேதான் சாப்பிடுவாள். ரெண்டாம் கிளாஸ் படிக்கிற பிள்ளை, ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னாள்.

"பெரியம்மா, அம்மைக்க மீங்கறிதான் டேஸ்ட்."

"அப்போ போய் அம்மைக்கிட்டத் தின்னு" என்றாள் விமலா. சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீனும் வைத்தாள்.

ஞாயிறுகள் ஒவ்வொன்றாகப் போயின. காலை ஏழுமணிக்கு அவள் கவுண்டரில் உட்காரும்போது, ரோட்டில் வெள்ளை உடுத்துப் பைபிளோடு போகிறவர்களை முதலில் பார்த்தாள், பிறகு பார்க்காமல் இருக்கப் பழகினாள். அறுப்புப் பண்டிகை அன்று தெரிந்தவர்கள் லேலத்தில் எடுத்த வாழைக்குலையோடு வந்து பாலும் மசாலாவும் வாங்கிப்போனார்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு, ஒன்றுக்குக் கால்மணி இருக்க, சிஜி மத்தியான ஷிப்டுக்கு வந்தாள். பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். வெள்ளைச் சேலைக்கு மேலேயே கடையின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, தன் கவுண்டருக்குப் போகாமல் விமலாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அண்ணன் இண்ணு ராப்போஜனம் எடுத்தாச்சு."

விமலாவின் கையில் ஒரு வெளிச்செண்ணெய்க் கவர் இருந்தது. அதை இயந்திரத்தில் காட்டாமல் அப்படியே பிடித்திருந்தாள்.

"எந்தக் கையில?"

"வலது கையிலதான். ஐயரு அப்பத்தெ வெச்சதும், தன்னால வாய் வரைக்கும் கொண்டுபோனாரு. தலையெக் குனியல்ல அக்கா. ஒருக்காக்கூட குனியல்ல."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே. வெள்ளிக்கிழமகூட தாடை வரைக்கும்தான் வந்துது."

"அண்ணனும் தீர்மானிச்சிட்டு வரல்ல போல. எப்பளும்போல வெளியே போகத்தான் எந்திரிச்சாரு. பின்னெ பெண்ணுங்க பக்கத்தெ திரும்பிப் பாத்தாரு. போவட்டான்னு கேக்குத மாதிரி. நான் போங்கன்னு தலையெ ஆட்டினேன்."

"நீ எங்க இருந்தே?"

சிஜி கொஞ்சம் தயங்கினாள். "அக்காவுக்க இடத்துலதான். சன்னலு பக்கம். ஆளில்லாம கெடக்குதேன்னு…"

கவுண்டருக்கு முன்னால் நின்ற ஆள் கூடையைத் தள்ளி வைத்தார். விமலா அவரைப் பார்க்கவில்லை. ஒன்பது வாரம், இருபத்தேழு தடவை பஸ்சில் மறித்து நின்றவள் அவள். வெந்நீர் போட்டவள் அவள். அவர் திரும்பிப் பார்த்தது அந்த ஜன்னலோர இடத்தைத்தான், அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியவளைத்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் என்ன? அந்தப் பார்வைக்குத் தலையாட்டியவள் சிஜி.

"நீ அழுதியா?"

"அழுதேன் அக்கா. அடக்க ஒக்கல்ல. எல்லாரும் திரும்பிப் பாத்தாவ."

"அது எனக்குள்ளதாக்கும்" என்றாள் விமலா. "நான் அழ வேண்டியதாக்கும் எட்டி, நீ அழுதிட்டு வந்தது."

சிஜியின் கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க விமலாவுக்குப் பொறாமையாக இருந்தது, மீன்கறியிலும் ஸ்கூட்டரிலும் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரியான பொறாமை. அந்தக் கண் அதைப் பார்த்திருக்கிறது. வீட்டுக்குப் போனால் அவர் கையைத் தூக்கிக் காட்டத்தான் போகிறார், அடுத்த மாசம் விமலாவே பக்கத்தில் இருக்கத்தான் போகிறாள். ஆனால் முதல் தடவை என்று ஒன்று இனி இல்லை.

"எப்பிடிக் கொண்டுபோனாரு?" என்றாள். "காட்டு."

சிஜி கோட்டின் கையை மடக்கிவிட்டு, வலது உள்ளங்கையை விரித்து, மெதுவாக மேலே கொண்டுபோனாள். கூடைக்காரரும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பைய" என்றாள் விமலா. "இத்தற வேகமாட்டு அவருக்கு வராது. இன்னும் ஒருக்கா காட்டு."

சிஜி கையைத் தாழ்த்தி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.